மின்னஞ்சலில் காண்டாக்ட் கார்டு அனுப்பினால் கூடவே என்னென்ன போகிறது?

கெடிலக்கரை (கடலூர்)

வணக்கம். திருப்பாப்புலியூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். எங்களுக்குப் பேப்பர், டோனர் எல்லாம் போடும் கடையிலிருந்து போன வாரம் ஒரு மெயில் வந்தது. “இனிமேல் ஆர்டருக்கு இவரிடம் பேசுங்கள்” என்று ஒரு காண்டாக்ட் கார்டை விசிஎஃப் ஃபைலாக இணைத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் அந்த ஊழியரின் பெயரும் நம்பரும் இருந்தன, சரி. அதற்குக் கீழே வீட்டு முகவரி, பிறந்த தேதி, அவர் மனைவியின் நம்பர், குறிப்பு என்ற இடத்தில் அவர் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு, மாதாமாதம் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது வரைக்கும் இருந்தது. அவர் பில் கொடுக்க நேரில் வந்தபோது எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. தன்னுடைய கடன் கணக்கு எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

இதைக் கேட்பதற்குக் காரணம், எங்கள் சார் இப்போது இரண்டு வேலை சொல்லியிருக்கிறார். ஒன்று, அலுவலகத்தில் இருக்கும் எல்லோரும் மெயிலின் அடியில் தங்கள் காண்டாக்ட் கார்டை இணைத்துத்தான் அனுப்ப வேண்டும். நானும் இன்னொரு பெண்ணும் சொந்த நம்பர்தான் வைத்திருக்கிறோம், அலுவலகம் தந்த நம்பர் கிடையாது. இரண்டாவது, எங்களிடம் கணக்குக் கொடுக்கும் கட்சிக்காரர்கள் எல்லோருடைய நம்பரையும் அவர் போனிலிருந்து ஒரே ஃபைலாக எடுத்துப் புதுச்சேரியில் இருக்கும் சாஃப்ட்வேர்காரருக்கு மெயில் பண்ண வேண்டும், அவர் குறுஞ்செய்தி நினைவூட்டல் அமைத்துக் கொடுப்பாராம்.

அனுப்பும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது எப்படி? வேண்டாததை எடுக்க முடியுமா? சட்டப்படி இதில் ஏதாவது இருக்கிறதா? சாரிடம் போய் வெறுமனே “வேண்டாம் சார்” என்று சொல்ல முடியாது, காரணத்தோடு போக வேண்டும்.

லாஸ்பேட்டைக்காரன் (புதுச்சேரி)

முதல் கேள்விக்குப் பதில் ரொம்ப எளிது மேடம். அந்த ஃபைலை இரண்டு தடவை தட்டித் திறக்காதீர்கள், வலது கிளிக் செய்து நோட்பேடில் திறங்கள். விசிஎஃப் என்பது வெறும் எழுத்து ஃபைல்தான், பூட்டு எதுவும் கிடையாது. ஒவ்வொரு வரியும் ஒரு தகவல். எஃப்என் என்று தொடங்குவது பெயர், டெல் என்பது தொலைபேசி, ஏடிஆர் முகவரி, பிடே பிறந்த நாள், ஆர்க் நிறுவனம், நோட் என்பது குறிப்பு. உங்களுக்கு வந்த ஃபைலில் முன்பணக் கணக்கு இருந்தது இந்த நோட் வரியில்தான் இருக்கும்.

நோட்பேடில் திறக்கும்போது இரண்டு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. பெயரையோ குறிப்பையோ தமிழில் எழுதியிருந்தால், விசிஎஃப்பின் பழைய 2.1 பதிப்பில் ஏற்றுமதி செய்யும் சில ஆண்ட்ராய்டு போன்களில் அந்த வரி முழுக்கச் சமக்குறியும் எழுத்தும் எண்ணுமாக வரும். பார்த்தால் ரகசியக் குறி போட்டுப் பூட்டியது போலத் தெரியும். அது பூட்டு இல்லை, தமிழ் எழுத்தை அனுப்புவதற்கான ஒரு குறியீடு, எந்தப் போனும் நொடியில் தமிழாக்கிக் காட்டிவிடும். அதே மாதிரி போட்டோ என்ற வரிக்குக் கீழே பத்தி பத்தியாகக் குழப்பமான எழுத்து இருந்தால் அது உங்கள் படம், முழுப் படமும் எழுத்தாக மாற்றப்பட்டு ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்த வடிவம் 90களின் நடுவில் ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐபிஎம், சீமென்ஸ் சேர்ந்து அமைத்த வெர்சிட் என்ற கூட்டமைப்பில் தொடங்கியது. 1998இல் 3.0 பதிப்பு, 2011இல் 4.0 பதிப்பு வந்தன. 4.0இன் வரையறை ஆர்எஃப்சி 6350 என்ற இணையத் தர ஆவணத்தில் இருக்கிறது. இந்தக் கார்டுக்கு இயல்பாக ரகசியக் காப்போ அனுப்பியவர் யார் என்ற உறுதியோ கிடையாது, வேண்டுமானால் அனுப்பும் வழியில்தான் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 3.0இல் ‘தனிப்பட்டது’, ‘ரகசியம்’ என்று குறிக்க கிளாஸ் என்றொரு வரி இருந்தது. அது ஒரு முத்திரை மட்டும்தான், யாரையும் படிக்கவிடாமல் தடுக்காது. 4.0இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

உங்கள் அலுவலகத்தில் மெயிலுக்கு அவுட்லுக் செயலி என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் கார்டை அழகாக வடிவமைத்து, பெயர், பதவி, அலுவலக நம்பர் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைக்கலாம். ஆனால் கூட இணையும் ஃபைலில் அந்தக் காண்டாக்டில் நீங்கள் நிரப்பிய மற்றதும் போகும், கார்டில் தெரியவில்லை என்பதற்காக அது நின்றுவிடாது. பெரும்பாலானவர்கள் மாட்டுவது இங்கேதான். தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியில் எல்லா மெயிலிலும் கார்டை இணைக்க அமைப்புகளில் ஒரு டிக் பெட்டி இருக்கிறது, பக்கத்திலேயே கார்டைத் திருத்தவும் வழி இருக்கிறது, அங்கே போய் ஒவ்வொரு பெட்டியாகப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் பெயரிலேயே புதிதாக ஒரு காண்டாக்ட் உருவாக்குங்கள். பெயர், பதவி, அலுவலக மெயில், 04142 என்று தொடங்கும் அலுவலகத் தரைவழி எண், அலுவலக முகவரி, அவ்வளவுதான். படம் வேண்டாம், பிறந்த நாள் வேண்டாம், குறிப்பு காலியாக இருக்கட்டும். அதை முதலில் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, இறக்கி, நோட்பேடில் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் வெளியே விடுங்கள். பழைய காண்டாக்டில் அழித்து அழித்துச் சரி செய்ய முயன்றால் எப்படியும் ஒன்று தங்கிவிடும்.

சிப்காட் சேல்ஸ் (கடலூர்)

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனிகளுக்குச் சரக்குப் போடும் வேலை எனக்கு. பல வருஷமாக விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அதில் என் மொபைல் நம்பர் இருக்கிறது, யார் யார் கையிலோ இருக்கிறது. நம்பர் போய்ச் சேராவிட்டால் எனக்கு ஆர்டர் கிடையாது. தொழில் செய்கிறவன் நம்பரை மறைத்து வைத்துக்கொண்டு என்ன செய்வது? மெயிலில் கார்டு வந்தால் ஒரு தட்டில் சேமித்துக்கொள்கிறார்கள், எண்ணைத் தப்பாக எழுதுவதும் பெயரை மாற்றிப் போடுவதும் இல்லை. சின்ன ஊர்களில் இப்போதுதான் இதெல்லாம் பழக்கத்துக்கு வருகிறது, அதற்குள் பயமுறுத்தினால் மறுபடி பேப்பரில் எழுதிக் கொடுக்கப் போய்விடுவார்கள்.

கடைக்காரர் செய்தது பெரிய தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது அவர் கவனக்குறைவு, கார்டு மேல் பழி போட முடியாது.

வில்லியனூர் அக்கா (புதுச்சேரி)

தம்பி, உங்கள் விசிட்டிங் கார்டில் என்ன இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்து அச்சகத்தில் கொடுத்தீர்கள். போனில் இருக்கும் காண்டாக்ட் அப்படி இல்லை. அது ஒருவர் தனக்காக எழுதி வைத்துக்கொண்டது. அதைக் கொடுக்கும்போது கடைக்கு விசிட்டிங் கார்டைக் கொடுப்பதற்குப் பதிலாக வீட்டுக் கணக்கு நோட்டைக் கொடுத்த மாதிரி ஆகிறது. அந்தப் பேப்பர் கடைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவர் நம்பரை மட்டும் அனுப்புவதாகத்தான் நினைத்திருப்பார். பொத்தானில் “பகிர்” என்று மட்டும்தானே இருக்கிறது, எதைப் பகிர்கிறோம் என்று எங்கே காட்டுகிறது?

நான் மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறேன். ஒருவர் போனில் குழு உறுப்பினர்கள் எல்லோரும் இருப்பார்கள், பெயருக்குப் பக்கத்திலேயே கடன் பாக்கி, வீட்டுக்காரர் என்ன வேலை, யாருக்கு எப்போது தவணை என்று எழுதி வைத்திருப்பார்கள். இது தப்பே இல்லை, அவர்களுக்கு நினைவு வைத்துக்கொள்ள வேறு வழி இல்லை. அந்த ஃபைல் அப்படியே ஒரு நுண்கடன் கம்பெனி ஏஜெண்டுக்கு மெயிலில் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கு எவ்வளவு நெருக்கடி என்று அவனுக்கு விலாவாரியாகத் தெரிந்துவிடும்.

புதுச்சேரியில் இன்னொன்று. எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீடுகள் உண்டு. வருஷா வருஷம் உயிரோடு இருப்பதற்கான சான்று அனுப்ப வேண்டும். தாத்தா, பாட்டியின் பென்ஷன் எண், பிரான்சில் இருக்கும் பிள்ளையின் வீட்டு முகவரி எல்லாம் பேரனின் போனில் அவர்கள் காண்டாக்ட் குறிப்பில்தான் இருக்கும். அந்தக் காண்டாக்டை ஒரு டிராவல்ஸுக்கு அனுப்பினால் அதுவும் சேர்ந்து போகும்.

கேட்ட தங்கச்சிக்கு நான் சொல்ல வந்தது, உங்கள் சொந்த நம்பரை அலுவலக மெயிலில் போட மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பெண்ணின் நம்பர் ஒரு தடவை வெளியே போனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் யார் யாரோ கூப்பிடுவார்கள், அதை மாற்றலாம் என்றால் பேங்க், ஆதார், கேஸ், பிள்ளை ஸ்கூல் என்று எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். ஆண்களுக்கு இது ஒரு வசதி, வசதியில்லை என்கிற கேள்வி. எங்களுக்கு அப்படி இல்லை.

சிப்காட் சேல்ஸ் (கடலூர்)

அக்கா சொல்வது சரிதான். என் தொழிலை வைத்தே யோசித்துவிட்டேன், குழுக் கடன் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், மெயிலின் அடியில் பெயர், பதவி, அலுவலக நம்பர் என்று மூன்று வரி சாதாரண எழுத்தில் போட்டாலே போதும், இப்போதைய போன்களில் அந்த எண்ணைத் தொட்டால் அழைப்புப் போகும். வழக்கமாகப் பேசுகிற கஸ்டமருக்கு ஒவ்வொரு மெயிலிலும் இணைப்பு வந்துகொண்டிருந்தால் அவருக்கும் எரிச்சல்தான். இந்தக் காரணத்தை உங்கள் சாரிடம் தாராளமாகச் சொல்லலாம்.

தேவனாம்பட்டினம் (கடலூர்)

போனில் எப்படி என்று யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஐபோனில் காண்டாக்டைப் பகிரும்போது எந்தெந்தத் தகவல்கள் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்க மேலே ஒரு வழி இருக்கிறது, அதைத் தொட்டு வேண்டாததை நீக்கிவிட்டு அனுப்பலாம். மேக் கணினியில் காண்டாக்ட் செயலியின் அமைப்புகளில் குறிப்பையும் படத்தையும் சேர்க்கலாமா வேண்டாமா என்று தனித்தனியாக டிக் இருக்கும். சாம்சங்கில் ஃபைலாக அனுப்பவா, எழுத்தாக அனுப்பவா என்று கேட்கும், எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் மெயிலில் வந்து விழுவது உங்கள் கண்முன்னே தெரியும், வேண்டாத வரியை அழித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு இரண்டு மூன்று எண் இருந்தால் எது போக வேண்டும் என்று டிக் எடுக்கலாம்.

அனுப்பியதைத் திரும்பப் பெறலாம் என்று நம்பி இருக்காதீர்கள். ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 நொடி. அவுட்லுக்கின் திரும்பப் பெறும் வசதி ஒரே நிறுவனத்துக்குள் மட்டும்தான் எடுபடும். பெற்றவர் கார்டைச் சேமித்ததும் அது அவர் கூகுள் கணக்குக்கு ஏறும், அவர் போனில் காண்டாக்ட் பார்க்க அனுமதி வாங்கி வைத்திருக்கும் செயலிகள் கைக்கும் போகும். யார் கூப்பிடுகிறார்கள் என்று பெயர் காட்டும் செயலிகளும் அதில் உண்டு.

எப்போதும் அனுப்பவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது, தண்ணீர் சூழ்ந்த தெருக்களில் தனியாக இருந்த வயதானவர்களின் எண், முகவரி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதையெல்லாம் ஒரே ஃபைலாக்கித் தன்னார்வலர்களுக்குள் அனுப்பினோம். அன்றைக்கு அது தேவைப்பட்டது, இன்சுலின் யாருக்கு வேண்டும் என்று தெரிந்துதான் படகில் கொண்டுபோனார்கள். தண்ணீர் வடிந்ததும் நாங்கள் எல்லோரையும் அழைத்து மெயிலையும் போனில் சேமித்ததையும் அழிக்கச் சொன்னோம், அழித்ததாகச் சொன்னவர்களைப் பட்டியலில் குறித்துக்கொண்டோம். எல்லோரும் அழித்திருப்பார்கள் என்று நம்புகிறேன், ஆனால் சோதிக்க வழியில்லை. தனியாக வாழும் ஒரு பாட்டியின் முகவரியும் அவர் உடம்பு விஷயமும் இன்னும் யார் போனிலாவது இருந்தால் அது எனக்குக் கவலைதான்.

அப்புறம் வருகிற கார்டையும் கண்ணை மூடிக்கொண்டு சேமிக்காதீர்கள். “உங்கள் பேங்க் கிளை” என்ற பெயரில் வேறு யாருடைய எண்ணையோ போட்டு ஒரு கார்டு அனுப்பலாம். நீங்கள் சேமித்துவிட்டால் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைக்கும்போது உங்கள் போனே பேங்க் என்று காட்டும். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும்.

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் நன்றி. இன்று சார் போனிலிருந்து எடுத்த ஃபைலை அவர் முன்னாலேயே நோட்பேடில் திறந்து காட்டினேன். குறிப்பு வரிகளில் சிலருக்குப் பான் எண், சிலருக்கு வருமான வரி இணையதளப் பாஸ்வேர்டு, ஒருவருக்கு “அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு” என்று இருந்தது. சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அனுப்புவதை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆனால் சாஃப்ட்வேர்காரர் அவசரப்படுத்துகிறார், “எல்லா ஆடிட்டரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள், நான் என்ன விற்கவா போகிறேன்” என்கிறார். சட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் வக்கீல் (கடலூர்)

பொதுவான சட்டத்துக்குப் போகும் முன் உங்கள் சாருக்கு நேரடியாகப் பொருந்துவதைச் சொல்கிறேன். 1949ஆம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, முதல் பகுதியின் முதல் கூறே இதுதான். தொழில் முறையில் கிடைத்த கட்சிக்காரர் தகவலை அவர் சம்மதம் இல்லாமல், சட்டம் கட்டாயப்படுத்தாத நிலையில், வேறொருவருக்கு வெளியிட்டால் அது தொழில் ஒழுக்கக் கேடு. விற்றாலும் விற்காவிட்டாலும் வித்தியாசம் இல்லை. இதை அச்சிட்டு மேசையில் வைத்தால் உங்கள் சாரே சாஃப்ட்வேர்காரருக்குப் பதில் சொல்லிக்கொள்வார்.

அடுத்து, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள். அதில் பாஸ்வேர்டு, பேங்க் கணக்கு விவரம், உடல்நிலை போன்றவை கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய தனிப்பட்ட தகவல். வெறும் போன் நம்பர் அந்தப் பட்டியலில் வராது, ஆனால் நீங்கள் சொன்ன பாஸ்வேர்டுகள் வரும்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் விரிவானது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும். அதன்படி வெளியாளிடம் தரவைக் கொடுத்து வேலை வாங்கினால் முறையான ஒப்பந்தம் வேண்டும், பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒருவர் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்வதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது, ஆகவே வீட்டில் அக்கா நம்பரை மாமாவுக்கு அனுப்புவதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். அலுவலகம் அனுப்புவது வேறு. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள், இதற்கெல்லாம் அடித்தளம் அந்தத் தீர்ப்பு.

லாஸ்பேட்டைக்காரன் (புதுச்சேரி)

சாஃப்ட்வேர்காரருக்கு விசிஎஃப் ஃபைலே தேவையில்லை. நினைவூட்டல் அனுப்பப் பெயரும் எண்ணும் போதும். எக்செல்லில் அந்த இரண்டு பத்தியை மட்டும் வைத்து ஒரு சிஎஸ்வி, அதாவது சாதாரண எழுத்துப் பட்டியல் ஃபைல், எடுங்கள், அதையும் மெயிலில் அனுப்ப வேண்டாம். அவரை அலுவலகத்துக்கு வரச் சொல்லி, உங்கள் கணினியில் நீங்களே ஏற்றுங்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லட்டும். அமைத்துப் பார்க்க மாதிரி வேண்டும் என்றால் பொய்ப் பெயர், பொய் எண்ணோடு நான்கைந்து வரி தயாரித்துக் கொடுங்கள், அதை வைத்தே அவர் முழு வேலையையும் முடித்துவிடலாம். முடியாது என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள், புதுச்சேரியில் ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை.

அந்தப் பாஸ்வேர்டுகளை முதலில் காண்டாக்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு மேலாண்மைச் செயலி ஏதாவது ஒன்றில் வைக்கலாம். கட்சிக்காரர்களிடம் சொல்லி மாற்றச் சொல்வது அதைவிட நல்லது.

கெடிலக்கரை (கடலூர்)

சட்டப் பிரிவை அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன், சார் அதைப் படித்துவிட்டு சாஃப்ட்வேர்காரரை வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். மெயிலின் அடியில் கார்டு வேண்டாம், மூன்று வரி எழுத்து போதும் என்பதற்கும் ஒப்புக்கொண்டார், எங்கள் இருவருக்கும் தரைவழி எண்தான். பேப்பர் கடைக்காரரிடம் நானே போனில் பேசி, அந்த மெயிலை நாங்கள் அழித்துவிட்டோம், வேறு யாருக்கெல்லாம் போனதோ அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள், உங்கள் ஊழியரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் பதறிப்போய்விட்டார், செய்கிறேன் என்றார்.

ஒரே ஒரு சந்தேகம். சார் புது விசிட்டிங் கார்டில் க்யூஆர் போடப் போகிறார். அதுவும் இதே மாதிரியா?

லாஸ்பேட்டைக்காரன் (புதுச்சேரி)

பெரும்பாலும் அதேதான். ஸ்கேன் செய்தால் காண்டாக்ட் சேமிக்கவா என்று கேட்கும் க்யூஆரில் இதே விசிஎஃப் எழுத்துதான் கட்டமாக அச்சாகியிருக்கும், அச்சடித்த பிறகு ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் இரண்டு போனில் ஸ்கேன் செய்து, என்னென்ன வருகிறது என்று கடைசி வரி வரைக்கும் பாருங்கள். இலவசமாக க்யூஆர் செய்து தரும் சில தளங்கள் நேரடியாகக் கார்டைப் போடாமல் தங்கள் தளம் வழியாகச் சுற்றிவிடும், ஸ்கேன் செய்கிறவர் எல்லாம் அங்கே பதிவாவார்கள். ஸ்கேன் செய்ததும் ஏதாவது இணைய முகவரி வந்தால் அதை விட்டுவிட்டு வேறு கருவியில் செய்யுங்கள்.